விற்றாச்சு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
ஆர்வல் பிழைத்ததே அந்த வாயால்தான்.
வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில்
ஒரு மூச்சில் நாற்பது விலை சொல்லுவான்,
கூரைத் தகரம் அதிரும்.
கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தவன்கூட
கன்றுக்குட்டியோடு வீடு போயிருக்கிறான்.

ஜனவரி இரண்டாம் வாரம்
கறுப்புக் காளை ஒன்று கதவை உதைத்தது.
கதவு அவன் தாடையை உதைத்தது.
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக்
கம்பியால் கட்டி அனுப்பினார்கள்.
ஆறு வாரம்
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கணும் என்றாள் டாக்டர்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
என் கையில் ஒரு கம்பிவெட்டி கொடுத்தாள்:
வாந்தி வந்தால் யோசிக்காமல் வெட்டு.
அதை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன்.
பால் எடுக்கும்போதெல்லாம் கிணுங்கும்.

முதல் நாள் தப்பு என்னுடையது.
அலமாரியில் இருந்தது
கடலைத் துணுக்கு போட்ட பீனட் பட்டர்.
பால், வனிலா ஐஸ்கிரீம், ஒரு வாழைப்பழம்,
மிக்ஸியில் ஒரு சுற்று.
குழலில் ஒரு துணுக்கு சிக்கிக்கொண்டது.
உறிஞ்சினான். கன்னம் குழிந்தது, கண் பிதுங்கியது,
மேசையைக் குத்தினான்.
மறுநாள் பனியில் பதினெட்டு மைல் ஓட்டி
வழவழப்பான ஜாடியாக ஆறு வாங்கினேன்.
விருந்தா லுவெல்லா என்று கேட்டான்
கல்லாவிலிருந்த டுவெய்ன்.
ஆமாம் என்றேன்.

பிறகு கை பழகிவிட்டது.
பட்டரை முதலில் போட்டால்
பிசின் மாதிரி அடியில் பிடிக்கும்.
பால் சுழலும்போதே மேலிருந்து வழியவிட வேண்டும்.
உப்பு, ஒரு சிட்டிகை.
அவன் விரலால் ஏலம் கேட்டான்.
ஒரு விரல், இன்னொரு கரண்டி.
உள்ளங்கை கவிழ்ந்தால்
போதும், விற்றாச்சு.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக
இந்த வீட்டில் நான் மட்டும் பேசினேன்.
முதல் வாரம் பிடித்திருந்தது.
மூன்றாம் வாரம் சுவர்க் கடிகாரத்தோடு சண்டை போட்டேன்.
அவன் பெல்ட்டில் ஆணி அடித்துப் புது ஓட்டை,
அப்புறம் இன்னொன்று.
எத்தனை ஆயிரம் மாட்டுக்கு எடை சொன்னவன்,
தராசில் ஏறினால் எண்ணைப் பார்க்கமாட்டான்.

பிப்ரவரியில் நெப்ராஸ்காவுக்குக் கருணை கிடையாது.
புயல் வந்தது, மின்சாரம் போனது,
மிக்ஸி செத்தது.
ஐஸ்கிரீமுக்குக் கவலையில்லை,
வாசல்படி பூராவும் ஃபிரிட்ஜ்.
பீனட் பட்டர்தான் கல்லாகிவிட்டது.
ஜாடியை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு
முக்கால் மணி நேரம்
அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
இளகியதும் ஊறுகாய் பாட்டிலில்
எல்லாவற்றையும் போட்டு, மூடியை இறுக்கிக்
குலுக்கினேன், கை ஓயும்வரை.

இருட்டில் பாட்டிலை அவன் வாங்கினான்.
குலுக்கலுக்கு ஒரு தாளம் வந்தது.
தாளத்துக்கு அடியில் ஏதோ முனகல்.
வலிதான் என்று நினைத்து
ஃபிரிட்ஜைத் தடவிக் கம்பிவெட்டியை எடுத்தேன்.
வலி இல்லை.
கட்டிப்போட்ட பல்லுக்குப் பின்னால்
மூக்கால் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான்.
ம்மும்ம ம்மும்ம ம்மும்ம ம்ம்
ஒரு மூச்சுக்கு நாற்பது.
எத்தனை டாலர் என்று ஒன்றும் புரியவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கினேன்.
அந்த இருட்டில் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.
நிறுத்தினான்.
பாட்டிலின் அடியால்
மேசையில் ஒரே தட்டு.

முதல் மடக்கு எனக்கு.
கட்டி கட்டியாக இருந்தது.
டீ வடிகட்டியில் வடித்து
அவனுக்கு நீட்டினேன், குழலோடு.
வடிகட்டியில் நின்ற கட்டிகளைச்
சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றேன்,
அவனுக்குச் சத்தம் கேட்காமல்,
மெல்ல,
மென்று.